செம்பனைத் தோட்டத்தில் பறவைப் படம்: பெரிய லென்ஸ் வேண்டுமா?

கேள்வி: சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தை ஒட்டிய தமிழ்ப்பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். ஒருவர் பயன்படுத்திய கேமராவை 70–300 மில்லிமீட்டர் லென்ஸோடு வாங்கினேன். செம்பனைக்குள் எடுக்கும் பறவைகளெல்லாம் கரிக்கட்டையாக விழுகின்றன. 600 மில்லிமீட்டர் லென்ஸ் வாங்கினால்தான் சரியாகும் என்கிறார்கள். உண்மையா? ஆந்தைப் பெட்டியில் இருக்கும் கூகையையும் மாணவர்களுக்காகப் படம் எடுக்க ஆசை. ஃபிளாஷ் போடலாமா?

பதில்: லென்ஸ் பேச்சை இப்போதைக்கு விட்டுவிடுங்கள், டீச்சர். பறவை கறுப்பாக விழுவதற்கும் லென்ஸின் நீளத்துக்கும் சம்பந்தமே இல்லை. முதிர்ந்த செம்பனைக்கு அடியில் நண்பகலிலும் அரை இருட்டு. மட்டைகளின் இடுக்கில் தெரியும் வானமோ கண்ணைக் கூசவைக்கும். கேமரா அந்த வானத்தைப் பார்த்து வெளிச்சத்தைக் குறைத்துவிடுகிறது, நடுவில் உட்கார்ந்திருக்கும் குண்டுக்கரிச்சான் கரியாகிவிடுகிறது. கூட்டல் கழித்தல் குறி போட்ட பொத்தான் ஒன்று உங்கள் கேமராவில் இருக்கும். வானத்துக்கு எதிரே பறவை இருந்தால் அதைக் கூட்டல் ஒன்று, ஒன்றரைக்குத் தள்ளுங்கள். வானம் வெளுத்துப்போகும், போகட்டும். வெயிலில் நிற்கும் கொக்குக்கு மட்டும் நேர்மாறு: கழித்தல் பக்கம் போகாவிட்டால் இறகெல்லாம் சுண்ணாம்புப் பூச்சாகிவிடும்.

அதைவிடப் பெரிய கோளாறு நீங்கள் நிற்கும் இடத்தில் இருக்கிறது. முதிர்ந்த செம்பனைக்குள் ஆழமாகப் போகப்போகப் பறவை வகை குறையும். காட்டைப் போல அடுக்கடுக்கான மரமும் விதவிதமான பழமும் அங்கே கிடையாது. மறுநடவு செய்த நிலம் எங்கே என்று கிராணியிடம் கேளுங்கள். கன்று நட்டு இரண்டு மூன்று ஆண்டான இடம், தரையெல்லாம் கொடி, தலைக்கு மேல் திறந்த வானம். கருந்தோள் பருந்து அந்தரத்தில் ஒரே இடத்தில் சிறகடித்து நின்று எலி தேடுவதை அங்கேதான் பார்க்க முடியும். புதர் ஓரத்தில் செம்போத்து, புல்லில் சில்லைக் கூட்டம், வடிகால் கட்டையில் வெண்மார்பு மீன்கொத்தி என்று எல்லாம் கண்ணுக்கு எட்டும் தூரத்திலேயே இருக்கும். பால்மரக்காடு பக்கத்தில் இருந்தால் இலையுதிரும் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் போய் வாருங்கள், மறைப்பே இருக்காது.

அந்த நிலத்தின் ஓரமாகப் போகும் மின்கம்பியில் பஞ்சுருட்டான் உட்கார்ந்தால் விட்டுவிடாதீர்கள். விருட்டென்று எழுந்து தேனீயைக் கவ்விக்கொண்டு பெரும்பாலும் கிளம்பிய இடத்துக்கே திரும்பும். தேனீயின் தலையைக் கம்பியில் அடிக்கும். பிறகு அதைத் திருப்பிப் பிடித்து, கொடுக்கு போகும்வரை தேனீயின் பின்பக்க நுனியைக் கம்பியில் தேய்க்கும். அதன் பின்தான் விழுங்கும். பறவையைத் துரத்தாமல், அது விட்டுப்போன வெறும் கம்பியில் ஃபோகஸ் வைத்துக் காத்திருங்கள். ஷட்டர் வேகம் 1/2000 நொடி வேண்டும். கேமராவின் ஒளியுணர்வு அளவான ஐஎஸ்ஓ 1600க்கு ஏறினாலும் கவலை இல்லை. காலை ஏழரையிலிருந்து ஒன்பதரை வரைதான் நல்ல வெளிச்சம், சூரியன் உங்கள் முதுகுப் பக்கம் இருக்கட்டும். காரை விட்டு இறங்கவும் வேண்டாம். நாள் முழுதும் லாரி பார்த்துப் பழகிய பறவை காரைக் கண்டு பயப்படாது, மனிதன் இறங்கினால் பறந்துவிடும். இன்ஜினை நிறுத்தி, கண்ணாடியை இறக்கி, மடித்த துண்டின்மேல் லென்ஸை வையுங்கள். அப்போது உங்கள் 300 போதும். 600 உண்மையிலேயே தேவைப்படுவது கோலா குலா போன்ற கடலோரச் சேற்று வெளியில், எட்ட முடியாத தூரத்தில் மேயும் உள்ளான்களுக்கு.

கூகைக்கு ஃபிளாஷ் வேண்டாம். பெட்டிக்குள் அடிப்பது கூடவே கூடாது. செம்பனைக் குலையை எலி கடித்துத் தின்கிறது, எலியைக் கூகை தின்கிறது என்பதால்தான் தோட்டமே அந்தப் பெட்டியைக் கம்பத்தில் ஏற்றிவைத்தது. முட்டைகள் ஒரே நாளில் பொரிப்பதில்லை, ஆகவே ஒரே பெட்டியில் பெரியதும் சிறியதுமாகக் குஞ்சுகள் இருக்கும். ஏறக்குறைய இரண்டு மாதம் அங்கேயே வளரும். பறக்கத் தெரியாத குஞ்சு மிரண்டு குதித்தால் நாய்க்கோ உடும்புக்கோ இரை. கூட்டை மறைக்கும் இலையை வெட்டிவிட்டுப் படம் எடுக்கிறவர்களும் இருக்கிறார்கள். குஞ்சுக்கு வெயில் மறைப்பே அந்த இலைதான். அந்த வேலையை ஒருநாளும் செய்யாதீர்கள்.

முதலில் பகலில் போய்ப் பெட்டியின் அடியைப் பாருங்கள். கட்டைவிரல் பருமனில் கறுத்த உருண்டைகள் கிடக்கும். செரிக்காத எலி மயிரையும் எலும்பையும் கூகை கக்கியவை. ஈரமும் பளபளப்புமாக இருந்தால் பெட்டியில் ஆள் உண்டு. சாம்பல் பூத்துச் சிதைந்திருந்தால் வேறு பெட்டியைத் தேடுங்கள். கையுறை போட்டு ஒன்றிரண்டை எடுத்துவந்து, வெந்நீரில் ஊறவைத்து மாணவர்கள் முன் பிரியுங்கள். எலியின் மண்டையோடு பல்லோடு வெளிவரும். எந்தப் படத்தைவிடவும் பிள்ளைகளுக்கு அதுதான் பிடிக்கும். கூகை கத்தினால் சாவு என்று சொல்லும் பாட்டிகள் லயத்தில் இன்னும் உண்டு, அவர்களுக்கும் காட்டச் சொல்லுங்கள்.

படத்துக்கு, மாலை ஏழு மணிக்கு முன்பே இருபது முப்பது மீட்டர் தள்ளி காரில் உட்காருங்கள். இருட்டும் தறுவாயில் கூகை பெட்டி வாசலில் வந்து, வேட்டைக்குக் கிளம்புமுன் சற்று நேரம் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கும். ஐஎஸ்ஓ 6400, ஷட்டர் 1/60. அசையாமல் பிடித்து விடாமல் தட்டினால் சிலவாவது தெளிவாக விழும்.

போவதற்குமுன் மேனேஜரிடம் அனுமதி வாங்குங்கள், காவல் சாவடியிலும் சொல்லிவையுங்கள். வெட்டிப்போட்ட மட்டைக் குவியலில் கால் வைக்காதீர்கள். கூகையைப் போலவே நாகமும் எலி தேடி வரும் இடம் அது. லென்ஸுக்காகச் சேர்த்த பணத்தில் எட்டு மடங்கு காட்டும் பைனாகுலர் ஒன்றும், ஈரம் உறிஞ்சும் மின் பெட்டி ஒன்றும் வாங்கலாம். நம் ஊர்ப் புழுக்கத்தில் பையிலேயே கிடக்கும் லென்ஸில் பூஞ்சை பிடிக்கும். பெட்டியின் ஈரப்பதத்தை 40க்கும் 50 சதவீதத்துக்கும் இடையில் வையுங்கள்.