தெரிந்த வார்த்தைதான் காலை வாரும்

தம்பி, அடுத்த மாதம் வேளச்சேரியிலிருந்து நியூ ஜெர்சிக்கு வேலைக்கு வருகிறேன், குக்கர் எடுத்து வரவா, எந்த ஜாக்கெட் வாங்க, என் இங்கிலீஷ் மீடியம் ஆங்கிலம் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். குக்கரும் ஜாக்கெட்டும் இங்கேயே கிடைக்கும், விடுங்கள். ஆங்கிலத்தைப் பற்றித்தான் சொல்ல வேண்டும்.

தெரியாத வார்த்தை வந்தால் அகராதியைப் பார்த்துக்கொள்வோம். தெரியும் என்று நம்புகிற வார்த்தையை யார் பார்ப்பார்கள்?

1999-இல் நான் வந்த மூன்றாவது வாரம். மீட்டிங்கில் ஒரு கோளாறைச் சொன்னேன். மேனேஜர், "லெட்ஸ் டேபிள் இட்" என்றார். அப்பா கோட்டையில், தலைமைச் செயலகத்தில் எழுத்தர். "அறிக்கையை இன்னிக்குப் பேரவை மேசையில வெச்சாச்சு" என்றபடிதான் வீட்டுக்குள் நுழைவார். மேசைக்கு வந்தால் வேலை நகர்ந்துவிட்டது என்பது நான் வளர்ந்த கணக்கு. ராத்திரி முழுக்க உட்கார்ந்து பதினெட்டுப் பக்கம் தயார் செய்து, காலையில் ஆளுக்கொரு பிரதி வைத்தேன். மேனேஜர் முகம் இறுகிவிட்டது. அமெரிக்காவில் 'டேபிள் இட்' என்றால் 'இப்போதைக்கு ஒதுக்கி வை' என்று அர்த்தம். சொல்பேச்சு கேட்காதவன் என்ற பெயர் போக ஆறு மாதம் ஆனது.

பிரிட்டனில் நம் அர்த்தம்தான். இரண்டாம் உலகப் போரில் இதே சொல்லால் பிரிட்டிஷ், அமெரிக்கத் தளபதிகள் நெடுநேரம் சண்டை போட்டதையும், இரு தரப்பும் கேட்டது ஒன்றே என்று பிறகு தெரிந்ததையும் சர்ச்சில் எழுதியிருக்கிறார். இன்னொன்று, இங்கே ஃபர்ஸ்ட் ஃப்ளோர் என்பது பெரும்பாலும் தரைத்தளம். படியேறிப் போய்த் தேடாதீர்கள்.

இங்குள்ள நம்மவர்கள் சிலர் வந்த மறுமாதமே நாக்கைச் சுழற்றப் பழகிவிடுகிறார்கள். புரியாததற்கும் "ஷ்யூர், ஷ்யூர்" என்று தலையாட்டுகிறார்கள். எனக்கு அது பிடிக்காது. என் உச்சரிப்பு இன்றும் மாம்பலம்தான். ஆனால் "இப்போதா, பிறகா?" என்று கேட்காமல் எந்த வேலையையும் தொடுவதில்லை. அந்தக் கேள்விதான் என்னை இருபது வருஷத்துக்கு மேல் இங்கே நிலைக்க வைத்தது.

மேனேஜர் முகம் இறுகிய அன்று சாயங்காலம் காலிங் கார்டு போட்டு அப்பாவிடம் நடந்ததைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "அப்போ ஆரம்பிக்கணும்னா அவங்க எங்கடா வெப்பாங்க?" என்றார். கேட்டுச் சொல்கிறேன் என்பதற்குள் கார்டில் நிமிடம் தீர்ந்துவிட்டது.