பிரேக்குக்காகப் போட்ட வீல் ஸ்பேசர்: க்ளெய்மை மறுக்க அது மட்டும் போதுமா?

கேள்வி: காரின் முன்பக்க பிரேக்குக்குப் பெரிய டிஸ்க்கும், அதைக் கவ்விப் பிடிக்கும் நான்கு பிஸ்டன் காலிப்பரும் மாற்றினேன். காலிப்பர் அலாய் வீலின் ஸ்போக்கில் உரசியதால், பொருத்திக் கொடுத்தவரே இரண்டு பக்கமும் 5 மி.மீ. ஸ்பேசர் (சக்கரத்துக்கும் அது மாட்டும் ஹப்புக்கும் நடுவில் வைக்கும் தகடு) வைத்தார். சில வாரங்கள் கழித்து மழையில் வண்டி சறுக்கி, முன்னால் நின்ற காரில் இடித்துவிட்டேன். சேதத்தை மதிப்பிட வந்த இன்சூரன்ஸ் சர்வேயர் சக்கரத்தைக் கழற்றிப் பார்த்து ‘அனுமதியில்லாத மாற்றம்’ என்று எழுத, இன்சூரன்ஸ் நிறுவனம் மொத்த க்ளெய்மையும் மறுத்துவிட்டது. ஆர்டிஓ தரப்பிலும் வழக்கு வருமா? பொருத்தியவர் மீது நடவடிக்கை எடுக்கலாமா?

பதில்: விபத்துக்கும் ஸ்பேசருக்கும் என்ன தொடர்பு என்று உங்கள் கடிதத்தில் இல்லை. நீங்கள் சொல்வதைப் பார்த்தால் மறுப்புக் கடிதத்திலும் இல்லை. உங்கள் வழக்கு நிற்பதும் விழுவதும் அந்த இடத்தில்தான். ‘ஸ்பேசர் சட்டவிரோதமா’ என்பது அடுத்த கேள்வி.

சரி, அதையும் பார்த்துவிடுவோம். மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் 52-ஆவது பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறிப்பிட்டதிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் கேரளத்திலிருந்து வந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைக் கறாராகவே உறுதி செய்தது. ஆர்டிஓ தரப்பு அந்தத் தீர்ப்பைத்தான் எடுத்து வைக்கும். ஆனால் அதே பிரிவின் விளக்கத்தில், ‘மாற்றம்’ என்றால் வண்டியின் அடிப்படை அம்சமே மாறும்படி அதன் கட்டமைப்பில் செய்யும் மாற்றம் என்று இருக்கிறது. ஆர்சி-யில் எஞ்சின் எண், சேசிஸ் எண், எரிபொருள், இருக்கைகள் எல்லாம் இருக்கும். சக்கரத்துக்கும் ஹப்புக்கும் நடுவில் 5 மி.மீ. தகடு இருக்கிறதா என்பது இருக்காது. எனவே 52-ஆவது பிரிவு உங்களைத் தொடாது என்று வாதிட நல்ல இடம் உண்டு. ஆனால் அதை மட்டும் நம்பி நான் வழக்கை நடத்த மாட்டேன். 2019 திருத்தத்தில் வந்த 182ஏ(4) பிரிவு, உதிரிபாகம் பொருத்துவதையும் சேர்த்து, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்கிறது. நடைமுறையில் இது பெரும்பாலும் அபராதத்தோடு முடியும்.

இப்போது காப்பீடு. முன்னால் நின்ற காரின் சேதம் தேர்ட் பார்ட்டி பொறுப்பு. அந்தப் பொறுப்பிலிருந்து விலக நிறுவனம் எந்தக் காரணங்களைச் சொல்லலாம் என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 150-ஆவது பிரிவு பட்டியல் போட்டிருக்கிறது. ஸ்பேசர் மாதிரியான மாற்றம் அதில் இல்லை. அந்தக் காரின் உரிமையாளர் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். மறுப்பில் மிகப் பலவீனமான பகுதி இதுதான்.

உங்கள் வண்டியின் சேதம் வேறு கதை. அது முழுக்க பாலிசி ஒப்பந்தத்தைப் பொறுத்தது. மாற்றத்தை நீங்கள் தெரிவிக்கவில்லை, அது உண்மை. அதனால் அறிவிக்காத பிரேக் கிட்டுக்கும் ஸ்பேசருக்கும் பணம் கிடைக்காது, அதை மறந்துவிடுங்கள். பம்பர், ஹெட்லைட், ரேடியேட்டருக்கும் தர மாட்டோம் என்றால், பாலிசியின் எந்த நிபந்தனை மீறப்பட்டது, அது விபத்துக்கு எப்படிக் காரணமானது என்று நிறுவனம்தான் காட்ட வேண்டும். சர்வேயர் எழுதியதாலேயே அது முடிவாகிவிடாது. அவர் அறிக்கை இறுதி வார்த்தை அல்ல என்று 2009-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பாலிசி நிபந்தனை மீறப்பட்டிருந்தாலும் க்ளெய்மில் 75 சதவீதம் வரை கொடுக்கச் சொன்ன தீர்ப்புகளும் உண்டு. அவை பெரும்பாலும் சொந்த வண்டியை வாடகைக்கு ஓட்டியது போன்ற வழக்குகள். ஆனாலும் சமரசம் பேசும்போது அவற்றை மேசையில் வையுங்கள்.

காரணம் என்ற கேள்விக்கு ஒரு சுயாதீன ஆட்டோமொபைல் பொறியாளரின் அறிக்கை வேண்டும். அவர் பார்க்க வேண்டியது: ஸ்டட் (சக்கர நட் மாட்டும் போல்ட்) ஏதாவது முறிந்ததா, நட் தளர்ந்ததா, ஸ்பேசரில் வெடிப்பு விழுந்ததா. பழைய ஸ்டட்டையே வைத்து 5 மி.மீ. ஸ்பேசர் போட்டால், நட் பிடிக்கும் மரையில் அந்த 5 மி.மீ. குறையும், 1.5 மி.மீ. இடைவெளி மரையில் மூன்று சுற்றுக்கும் மேல். ஸ்டட் 12 மி.மீ. என்றால் நட்டுக்குள் குறைந்தது 12 மி.மீ. மரை பிடித்திருக்க வேண்டும் என்பது மெக்கானிக்குகளின் பொதுக் கணக்கு. சக்கரத்தை நடுவில் உட்கார வைக்கும் ஹப்பின் விளிம்பை ஸ்பேசர் மூடிவிட்டதா, ஸ்பேசருக்குச் சொந்த விளிம்பு உண்டா என்பதையும் பார்க்கச் சொல்லுங்கள். இவை எல்லாம் சரியாக இருந்து, மோதிய பிறகும் சக்கரங்கள் இறுக்கமாக இருந்திருந்தால், மழையில் சறுக்கியதற்கு ஸ்பேசரைக் குற்றம் சொல்வது கடினம். எதிர்த்தரப்பு புத்திசாலியாக இருந்தால் ஸ்பேசரை விட்டுவிட்டு, முன் பிரேக் மட்டும் பெரிதானதால் முன், பின் சமநிலை கெட்டது என்று வரும். அதற்கும் அறிக்கையில் ஒரு பத்தி இருக்கட்டும். டயரின் தேய்மானத்தையும் அவர் பார்ப்பார். மொட்டையாக இருந்தால் அந்தச் சிக்கல் உங்களுடையது.

பொருத்தியவர் விஷயத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன்படி, குறையான சேவைக்கும் போதிய எச்சரிக்கை தராததற்கும் அவர் பொறுப்பாவார். ஆனால் காப்பீட்டு வழக்கில் ‘ஸ்பேசரால் விபத்து நடக்கவில்லை’ என்று சொல்லிவிட்டு, நுகர்வோர் ஆணையத்தில் ‘ஸ்பேசரால்தான் நடந்தது’ என்று மனு போட முடியாது. ஒன்றை எடுத்து இன்னொன்றில் உங்கள் முகத்தில் வீசுவார்கள். அதனால் முதலில் அறிக்கை வரட்டும். ஸ்டட் முறிந்திருந்தால் பொருத்தியவரைப் பிடியுங்கள். இல்லையென்றால் நிறுவனத்தைப் பிடியுங்கள். எப்படியானாலும் கார் தயாரிப்பாளரை இழுக்காதீர்கள், மாற்றியமைத்த பொருளுக்கு அவர்களுக்குச் சட்டத்திலேயே தற்காப்பு இருக்கிறது.

சர்வே அறிக்கையின் நகலைக் கேட்டு வாங்குங்கள். நிறுவனத்துக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். ஒரு மாதத்தில் பதில் இல்லை, அல்லது பதில் திருப்தியில்லை என்றால் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் (ஆம்பட்ஸ்மேன்) போகலாம். கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை. ஓராண்டுக்குள் போக வேண்டும். அதே விஷயம் நுகர்வோர் ஆணையத்தில் நிலுவையில் இருந்தால் அவர் எடுக்க மாட்டார், ஆகவே வரிசையைப் பார்த்துப் போங்கள். ஆணையத்துக்குக் காலக்கெடு 2 ஆண்டு.

அப்புறம், வண்டியை ரிப்பேருக்கு விடும் முன் அந்த ஸ்பேசர், ஸ்டட், நட் எல்லாவற்றையும் இருக்கும் நிலையிலேயே படமெடுத்து, கழற்றிய பாகங்களைத் தனியாகக் கட்டி வையுங்கள். ஸ்பேசர் இல்லாமலேயே காலிப்பருக்கு இடம் விடும் சக்கரத்தைத் தேடுவதெல்லாம் அதற்குப் பிறகு.