சின்னப் பிள்ளைகளை வளர்க்கும் குடும்பங்களுக்கு யார் துணை? குமரி மாவட்டத்திலிருந்து வந்த கேள்விகளும் பதில்களும்

ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர், ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளை நெருக்கடிக்கு நடுவே வளர்க்கும் குடும்பங்கள் அனுப்பிய கேள்விகளுக்குப் பதில் தருகிறார். கேட்டவர்களின் பெயர்கள் தவிர்க்கப்பட்டுள்ளன.

தூத்தூர் பகுதித் தாய்: அக்கா, என் கணவர் ஆழ்கடல் தொழிலுக்குப் போனால் கரை திரும்ப ஒரு மாதத்துக்கு மேலாகும். ஒன்றரை வயதுப் பையனோடு தனியாக இருக்கிறேன். அவன் எடை குறைவு என்று சொல்லி அங்கன்வாடியிலிருந்து வீட்டுக்கு வருகிறார்கள். பிள்ளையோடு பேசுகிறாயா, விளையாடுகிறாயா என்றெல்லாம் கேட்கிறார்கள். நான் சரியாக வளர்க்கவில்லை என்று சந்தேகப்படுகிறார்களா?

பதில்: இல்லை. வீடு தேடி வருவது விசாரணை அல்ல. உங்கள் வளர்ப்புக்கு மதிப்பெண் போடும் அதிகாரமும் அவர்களுக்குக் கிடையாது. 1975-இல் இத்திட்டம் தொடங்கிய நாளிலிருந்தே இணை உணவு, தடுப்பூசி, முன்பருவக் கல்வி ஆகியவற்றோடு தாய்மாருக்கு ஆலோசனை சொல்வதும் அங்கன்வாடியின் பொறுப்பாக இருந்து வருகிறது. எடை குறைந்த பிள்ளைக்குச் சத்துமாவு கொடுத்தால் போதாதா, விளையாட்டைப் பற்றி ஏன் கேட்கிறார்கள் என்பதுதான் உங்கள் மனத்தில் இருக்கும் கேள்வி என்று நினைக்கிறேன்.

அதற்கான பதில் ஓர் ஆய்வில் இருக்கிறது. ஜமைக்கா நாட்டின் கிங்ஸ்டன் நகரில் 1986-87-இல் சாலி கிரந்தம்-மெக்ரிகோர் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும், வயதுக்கேற்ற வளர்த்தி இல்லாத, ஒன்பது மாதம் முதல் இரண்டு வயது வரையிலான 129 ஏழைக் குழந்தைகளைத் தேர்ந்தெடுத்தார்கள். அவர்களில் சிலருக்குச் சத்துணவு மட்டும் கிடைத்தது. வேறு சிலருடைய வீடுகளுக்கு உள்ளூர்ச் சுகாதாரப் பணியாளர் வாரம் ஒருமுறை, ஒரு மணி நேரம் என்று இரண்டு ஆண்டுகள் சென்று, வீட்டில் கிடைக்கும் பொருள்களால் செய்த விளையாட்டுச் சாமான்களை வைத்துப் பிள்ளையோடு விளையாடத் தாய்க்குப் பழக்கினார். இருபது ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது, அப்படித் தாயோடு விளையாடி வளர்ந்தவர்களின் வருமானம் மற்றவர்களுடையதைவிட ஏறத்தாழ 25 விழுக்காடு கூடுதலாக இருந்தது. சத்துணவு மட்டும் பெற்றவர்களிடம் அந்த நீடித்த பலனைக் காண முடியவில்லை. மாவு வேண்டாம் என்று இதற்குப் பொருள் கொள்ளாதீர்கள். மாவைக் கரைத்து ஊட்டும்போது பிள்ளையின் முகத்தைப் பார்த்துப் பேசுவதும் அந்த உணவோடு சேர்ந்தது என்பதே பொருள்.

வருகிறவர் பதிவேட்டை நிரப்பிக்கொண்டும் கைப்பேசிச் செயலியில் விவரம் ஏற்றிக்கொண்டும் கேள்விகளை அடுக்கினால் உங்களுக்கு விசாரணை போலத்தான் தோன்றும். அது அவர்மேல் சுமத்தப்பட்டிருக்கும் எழுத்து வேலையின் கோளாறு. அடுத்த முறை அவரை உட்காரச் சொல்லி, பையனை அவர் முன்னால் விட்டு, "இவனோடு என்ன விளையாடலாம், செய்து காட்டுங்கள்" என்று நீங்களே கேளுங்கள். கணவர் கடலில் இருக்கும் நாட்களில் இரவில் உறக்கம் வராமலோ, காரணமின்றி அழுகை வந்துகொண்டோ இருந்தால் அதையும் அவரிடமோ கிராம சுகாதார செவிலியரிடமோ மறைக்காமல் சொல்லுங்கள். 14416 என்ற எண்ணில் மனநல ஆலோசனை கட்டணமின்றி எந்த நேரமும் கிடைக்கும்.

பேச்சிப்பாறை அருகிலிருந்து, ரப்பர் பால் வெட்டும் தொழிலாளி: விடியுமுன்பே நானும் கணவரும் தோட்டத்துக்குப் போய்விடுகிறோம். ஏழு மாதக் கைக்குழந்தையை எட்டு வயது மூத்த மகள்தான் பார்த்துக்கொள்கிறாள். வேறு வழி இருக்கிறதா?

பதில்: எட்டு வயதுப் பிள்ளை கைக்குழந்தைக்குக் காவல் இருக்க முடியாது. பிள்ளைக்குத் தொண்டையில் ஏதாவது அடைத்தாலும், அடுப்பருகே தவழ்ந்தாலும் அவளால் சமாளிக்க முடியாது. நாளடைவில் அவளுடைய பள்ளிக்கூடமும் போய்விடும். ஆனால் உங்களைக் கண்டித்து என்ன பயன்? பால் வெட்டு அதிகாலை வேலை, அங்கன்வாடி திறப்பதோ விடிந்து வெகுநேரம் கழித்து. இந்த இடைவெளியைத் தனித்தனி வீடுகளால் அடைக்க முடியாது. உங்கள் லயத்தில் (தோட்டத் தொழிலாளர் குடியிருப்பு வரிசையில்) கைக்குழந்தை உள்ள குடும்பங்கள் எத்தனை என்று கணக்கெடுத்து, நம்பிக்கையான மூத்த பெண் ஒருவரை எல்லோரும் சேர்ந்து ஊதியம் கொடுத்து அமர்த்திக்கொள்வதே உடனடியாக முடிகிற காரியம். கூடவே நிர்வாகத்திடம் காப்பகம் கேட்டு எழுத்தில் மனுக் கொடுங்கள்; ஐம்பதுக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் வேலை செய்யும் இடத்தில் ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குக் காப்பகம் இருக்க வேண்டும் என்று புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு சொல்கிறது. அண்டி ஆபீசில் (முந்திரித் தொழிற்சாலையில்) வேலை செய்யும் பெண்களும் இதைக் கேட்கலாம். தாய்ப்பாலைப் பீய்ச்சி, சுத்தமான மூடியுள்ள பாத்திரத்தில் வைத்துவிட்டுப் போனால் நான்கு மணி நேரத்துக்குள் பாலாடையால் (பால் ஊட்டும் சங்கால்) ஊட்டச் சொல்லுங்கள், புட்டி வேண்டாம்.

குளச்சல் பாட்டி (வளர்ந்த பேரன் ஒருவன் எழுதி அனுப்பியது): மக்களே, என் மகள் இறந்து ஒரு வருடம் ஆகிறது. மருமகன் எங்கே போனான் என்றே தெரியவில்லை. நான்கு வயதிலும் இரண்டு வயதிலும் இரண்டு பிள்ளைகள் என்னிடம் இருக்கிறார்கள். அரசாங்கம் ஏதாவது தருமா?

பதில்: தரும் அம்மா. நாகர்கோவிலில் உள்ள மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகை அணுகுங்கள். மிஷன் வத்சல்யா என்ற மத்திய அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டத்தின் நிதி ஆதரவில் ஒரு குழந்தைக்கு மாதம் 4,000 ரூபாய் உண்டு. கிராமமானால் குடும்ப ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்குள்ளும், மற்ற இடங்களில் 96,000 ரூபாய்க்குள்ளும் இருக்க வேண்டும். பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்கும், ஒருவரை இழந்து மற்றவரால் பராமரிக்க முடியாத பிள்ளைகளுக்கும் மாதம் 2,000 ரூபாய் வழங்கும் அன்புக்கரங்கள் திட்டத்தை மாநில அரசு 2025 செப்டம்பரில் தொடங்கியது. உங்கள் பேரப்பிள்ளைகளுக்கு எது பொருந்தும் என்பதை அந்த அலகினரே பார்த்துச் சொல்வார்கள். இறப்புச் சான்று, பிள்ளைகளின் பிறப்புச் சான்று, ஆதார், குடும்ப அட்டை, வருமானச் சான்று ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். பிள்ளைகளை விடுதியில் சேர்த்துவிடச் சொல்லி யாராவது வற்புறுத்தினால் இசைய வேண்டாம். உறவினர் வீட்டிலேயே வளர உதவுவதுதான் இந்தப் பணத்தின் நோக்கம்.

தோவாளை வட்டத்துத் தாய்: கணவர் குடித்துவிட்டு வந்து என்னையும் மூன்று வயது மகளையும் அடிக்கிறார். வெளியே சொன்னால் பிள்ளையைப் பிடுங்கிக்கொள்வார்களோ என்று பயமாக இருக்கிறது.

பதில்: அடிபடுகிற தாயிடமிருந்து பிள்ளையைப் பிரிப்பதற்காக இந்தச் சேவைகள் ஏற்படுத்தப்படவில்லை. பெண்கள் உதவி எண்ணான 181-ஐ அழையுங்கள், பிள்ளைக்கு ஆபத்து என்றால் குழந்தைகள் உதவி எண்ணான 1098-ஐ அழையுங்கள். 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டப்படி, பாதுகாப்பு அலுவலர் மூலம் நீதிமன்றத்தில் பாதுகாப்பு ஆணையும், அதே வீட்டில் வசிக்கும் உரிமையும் கேட்கலாம். இந்த நிலையில் உங்களுக்குக் குழந்தை வளர்ப்புப் பயிற்சி தருகிறேன் என்று யாராவது வந்தால், முதலில் அடி நிற்கட்டும் என்று சொல்லி அனுப்புங்கள். அச்சத்தில் இருக்கும் பெண்ணுக்குப் பொறுமையைப் பற்றி வகுப்பெடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

மார்த்தாண்டம், வளைகுடாவிலிருந்து திரும்பிய தந்தை: இரண்டரை வயது மகன் இன்னும் இரண்டு சொல்லைச் சேர்த்துப் பேசவில்லை. நாள் முழுவதும் போன் பார்க்கிறான். போனை வாங்கி வைத்தால் சரியாகிவிடுமா?

பதில்: வாங்கி வையுங்கள், ஆனால் அதோடு நிறுத்திவிடாதீர்கள். இரண்டு முதல் நான்கு வயது வரை நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்துக்குமேல் திரை கூடாது என்பது 2019-இல் உலக சுகாதார நிறுவனம் சொன்ன அளவு. இரண்டரை வயதில் சொற்கள் சேரவில்லை என்றால் காது கேட்கிறதா என்பதை முதலில் பார்க்க வேண்டும். ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் குழந்தைகள் நலப் பிரிவில் காட்டுங்கள். "ஆம்பிளைப் பிள்ளை மெதுவாகத்தான் பேசும்" என்று வீட்டில் சொல்வார்கள். அதைக் கேட்டுக்கொண்டு காத்திருக்க வேண்டாம்.

இரணியல் கர்ப்பிணி: பிள்ளை பிறந்ததும் அதற்கு மட்டிப்பழமும் (நம் பக்கத்து வாழைப்பழம்) வசம்பும் கொடுக்கச் சொல்கிறார் மாமியார். கொடுக்கலாமா?

பதில்: மட்டிப்பழம் ஆறு மாதம் முடிந்தபின், மசித்து, தாராளமாகக் கொடுக்கலாம். வசம்பு வேண்டாம். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டுமே. முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தின் 18,000 ரூபாய்க்குச் செவிலியரிடம் பதிவு செய்துவிட்டீர்களா?

கிள்ளியூர், அங்கன்வாடிப் பணியாளர்: டீச்சர், பெற்றோர் கூட்டம் போட்டால் யாரும் வருவதில்லை. வருகிறவர்களும் மாவுப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள்.

பதில்: பேசுவதற்குக் கூட்டாதீர்கள். மாவு வழங்கும் நாளிலேயே பாய் விரித்து, வழவழப்பாகத் தேய்த்த இரண்டு சிரட்டைகளையும் விழுங்க முடியாத அளவுள்ள துணிப்பந்து ஒன்றையும் வையுங்கள். பந்தை ஒரு சிரட்டைக்குள் மூடி, "எங்கே போச்சு?" என்று பிள்ளையிடம் கேட்கும்படி தாயிடம் சொல்லுங்கள். நீங்கள் எடுத்துக் காட்டாதீர்கள், தாயின் கையிலேயே கொடுங்கள். பிள்ளை தவறான சிரட்டையைத் தூக்கினாலும் உடனே திருத்தாமல், இரண்டாம் முறை அது தானாகத் தேடும்வரை காத்திருக்கச் சொல்லுங்கள். அப்படிக் காத்திருக்கப் பழகுவதுதான் பல தாய்மாருக்குக் கடினமாக இருக்கும். நீங்கள் அவசரப்படாமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் அவர்களும் அவசரப்பட மாட்டார்கள். கால் மணி நேரம் போதும். அப்பாக்களுக்கு ஞாயிறு அல்லது தொழிலுக்குப் போகாத நாளைத் தேர்ந்தெடுங்கள். மீன்பிடித் தடைக்காலத்தில் கடற்கரை ஊர்களில் அவர்களைச் சேர்ப்பது எளிது.