அரசும் கட்சிகளும் சமூக ஊடகத்தில் மக்களோடு பேசுவது உண்மையிலேயே நம்மைக் கேட்பதற்கா, விளம்பரத்துக்கா?

கேள்வி கேட்டவர் தன் நகராட்சியின் பக்கத்தை நாலு தடவை டேக் செய்து புகார் போட்டதாகவும், நாலு தடவையும் "தங்கள் புகார் உரிய துறைக்கு அனுப்பப்பட்டுள்ளது" என்ற அதே வரி வந்ததாகவும் எழுதியிருக்கிறார். அந்த வரியை அனுப்பும் நாற்காலியில் இரண்டு வருடம் உட்கார்ந்திருந்தவள் நான். படித்ததும் நெஞ்சில் சுருக்கென்றது, அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. எந்த ஊர், யாருடைய ஆட்சி என்று கமெண்டில் கேட்க வேண்டாம். நான் இருந்த இரண்டு வருடத்தில் மேலே ஆட்சி மாறியது, எங்கள் அறையில் ஒன்றும் மாறவில்லை. எந்தக் கட்சியையும் திட்டவோ தூக்கிப் பிடிக்கவோ இதை எழுதவில்லை.

எங்கள் பிரிவில் ஒரு ஷிஃப்டுக்கு மூன்று பேர். ட்விட்டர், பேஸ்புக், வாட்ஸ்அப் எண் எல்லாவற்றிலிருந்தும் வருவது ஒரே திரையில் விழும். நாங்கள் படித்து, வகை தேர்ந்தெடுத்து, அனுப்புவோம். அனுப்பியதும் ஒரு டிக்கெட் எண் பிறக்கும். மக்களுக்குப் போக வேண்டிய பதில்கள் முன்கூட்டியே எழுதித் தரப்பட்டிருந்தன. எங்களை அளந்த அளவுகோல் ஒன்றே ஒன்று: புகார் வந்த நிமிடத்திலிருந்து முதல் பதில் போக எவ்வளவு நேரம். வேலை முடிந்ததா என்று அந்தத் திரையில் பார்க்கவே முடியாது. "முடிந்தது" என்று ஒரு நிறம் வரும், அவ்வளவுதான்.

ஒருவர் தன் தெருமுனையில் பாதாளச் சாக்கடைக்கு மூடி இல்லை என்று படம் போட்டார். 'நாள் 1' என்று எழுதியிருந்தார். மறுநாள் அதே கோணத்தில் 'நாள் 2'. நான் அதைக் கழிவுநீர்ப் பிரிவுக்கு அனுப்பினேன். மூடி சாலை மட்டத்தில் இருப்பதால் அது சாலைப் பிரிவின் வேலை என்று அவர்கள் திருப்பிவிட்டார்கள். சாலைப் பிரிவு, குழி எங்களுடையதில்லை என்று திருப்பியது. "எங்கள் பிரிவைச் சார்ந்ததல்ல" என்று ஒருவர் குறித்துவிட்டால் அந்த டிக்கெட் தானாகவே 'முடிந்தது' கணக்கில் சேர்ந்துவிடும். இது யாரும் திட்டமிட்டுச் செய்த சதி என்று நான் நம்பவில்லை. மென்பொருளை வடிவமைத்தபோது மூன்றாவது ஒரு நிலை வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. ஆனால் அந்த ஒரு கட்டம் இல்லாததால் எத்தனை புகார் செத்தது என்று இன்றும் நினைத்துக்கொள்வேன்.

நாள் 14 அன்று படம் வரவில்லை, எழுத்து மட்டும் வந்தது. முந்தைய இரவு மழையில் தெரு முழுக்கத் தண்ணீர் நின்றது, குழி தெரியாமல் ஒரு பெண் வண்டியோடு விழுந்தார், கை முறிந்துவிட்டது என்று. நான் நான்கு நிமிடத்தில் பதில் அனுப்பினேன். "தங்கள் மேலான தகவலுக்கு நன்றி. புகார் உரிய துறைக்கு அனுப்பப்பட்டுள்ளது." அந்த வார அறிக்கையில் வேகமான பதில் என்று என் பெயர் இருந்தது.

அதைப் பார்த்தபிறகு என்னால் உட்கார முடியவில்லை. அந்தப் பகுதி உதவிப் பொறியாளரின் எண் எங்கள் திரையில் கிடையாது. களத்தில் வேலை செய்யும் ஒருவரிடம் கேட்டு வாங்கி நானே கூப்பிட்டேன். "ஏம்மா, இது எனக்கு வரவே இல்லையே. எனக்கு வர்றதெல்லாம் எங்க வாட்ஸ்அப் குழுவுலதான்" என்றார். மனிதர் பொய் சொல்லவில்லை. மறுநாள் பதினோரு மணிக்குள் மூடி போட்டுவிட்டார்கள். பதினாலு நாள் இழுத்ததற்கு ஒரு மணி நேர வேலை.

கதை இங்கே முடிந்திருந்தால் இந்தப் பதிலை எழுதியிருக்க மாட்டேன். மூடி போட்ட படமும், புகார் செய்தவர் எடுத்த பழைய படமும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, "புகார் வந்ததும் உடனடி நடவடிக்கை" என்று போஸ்ட் போடச் சொன்னார்கள். அவரிடம் அனுமதி கேட்கவில்லை. அவர் கீழே வந்து தன்னுடைய பதினாலு ஸ்கிரீன்ஷாட்டையும் வரிசையாகப் போட்டார். ஒரு கெட்ட வார்த்தை இல்லை, தேதிகள் மட்டும். முதலில் கமெண்டை மறைக்கச் சொன்னார்கள். அவர் மறுபடி போட்டார். "அந்த ஆளை பிளாக் பண்ணிடும்மா" என்று மேலிருந்து வந்தது. அழுத்தியது என் விரல். இதை யாரிடமும் வீட்டில்கூடச் சொன்னதில்லை.

சொல்லிவிட்டு வேலையை விட்டிருக்கலாமே என்று யாராவது எழுதுவீர்கள், தெரியும். வாடகைக்கும் மருந்துக்கும் அந்தச் சம்பளம்தான் இருந்தது. அதை நியாயப்படுத்தவில்லை, நடந்ததைச் சொல்கிறேன்.

அரசுப் பக்கத்திலிருந்து ஒரு குடிமகனை பிளாக் செய்வது சின்ன விஷயம் இல்லை என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது. அமெரிக்காவில் இது உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. ஒரு நகர நிர்வாகியின் பேஸ்புக் பக்கத்தில் விமர்சனம் எழுதியவரை அவர் பிளாக் செய்த வழக்கில் 2024 மார்ச்சில் தீர்ப்பு வந்தது. அந்த அதிகாரிக்கு அரசின் சார்பில் பேசும் உண்மையான அதிகாரம் இருந்து, அந்தப் பதிவில் அவர் அந்த அதிகாரத்தோடுதான் பேசினார் என்றால், அது அரசின் செயலாகவே கருதப்படும் என்று ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகச் சொன்னார்கள். அந்த நிர்வாகி தன் சொந்தப் பக்கத்தில் குடும்பப் படத்தையும் அலுவல் செய்தியையும் கலந்து போட்டிருந்ததால்தான் இந்த அளவுகோல் தேவைப்பட்டது. எங்கள் பக்கத்தில் அந்தக் குழப்பமே இல்லை, மேலே முத்திரையோடு இருந்தது.

சரி, கேட்டதற்கு வருகிறேன். உண்மையிலேயே கேட்கிற அரசு உண்டா? உண்டு. ஸ்பெயினில் கிரனாடா பக்கத்தில் ஹுன் என்று சுமார் 3,500 பேர் வாழும் ஓர் ஊர். அதன் அப்போதைய மேயர் ஹோசே அந்தோனியோ ரோட்ரிகெஸ் சலாஸ் ஊர் மக்களை ட்விட்டரில் சேரச் சொன்னார். அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் போய்ப் பார்த்து எழுதினார்கள். தெருவிளக்கு எரியவில்லை என்று ஒருவர் இரவில் எழுதினால், மேயர் மின்பணியாளரையே டேக் செய்து நாளைக்குச் சரியாகும் என்பார். மறுநாள் சரிசெய்த விளக்கின் படம் வரும். இதில் என்னை உலுக்கியது மேயரின் வேகம் இல்லை. மின்பணியாளரும் அதே உரையாடலுக்குள் இருந்தார். தெரு கூட்டும் பணியாளருக்கும் கணக்கு இருந்தது, ஊரார் அவரைப் பெயர் சொல்லிப் பாராட்டினார்கள். எங்கள் ஊரில் அந்த உதவிப் பொறியாளர் ஒரு வாட்ஸ்அப் குழுவில், புகார் கொடுத்தவர் ட்விட்டரில், நடுவில் நான். ஹுன் சின்ன ஊர், நகரத்துக்கு ஒத்துவராது என்பீர்கள். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பகுதிவாரியாகப் பொறியாளர் ஏற்கெனவே இருக்கிறார், அவரை அந்தத் திரையில் சேர்க்க ஊர் சின்னதாக இருக்கத் தேவையில்லை.

கொள்கை அளவிலும் நடந்திருக்கிறது. தைவானில் 2015இல் ஊபர் வாகனங்களுக்கு விதி வகுக்க, போலிஸ் என்ற இணையக் கருவியில் மக்கள் கருத்தைத் திரட்டினார்கள். காவல்துறை என்று நினைத்துவிடாதீர்கள், கருவியின் பெயரே அதுதான். அதில் ஒருவர் கருத்தை இன்னொருவர் ஏற்கலாம், மறுக்கலாம், தாண்டிப் போகலாம், ஆனால் பதில் எழுத வழியே கிடையாது. சண்டை மூளும் இடமே இல்லை. எதிரெதிர் அணிகளும் எதில் ஒத்துப்போகின்றன என்பது வரைபடமாகத் தெரியவரும், விதிமுறையைப் பேசும் கூட்டத்துக்கு அது போனது. மறுபக்கம் ஐஸ்லாந்து: 2011இல் 25 பேர் கொண்ட குழு அரசியல் சாசன வரைவை இணையத்தில் போட்டு, பேஸ்புக்கிலும் கருத்து வாங்கித் திருத்தியது. 2012 அக்டோபர் வாக்கெடுப்பில் மூன்றில் இரண்டு பங்கினர் ஆதரித்தார்கள். நாடாளுமன்றம் நிறைவேற்றவில்லை. அதைப் படிக்கும்போதெல்லாம் அந்த 'நாள் 14' ஞாபகம் வரும்.

கட்சிப் பிரச்சாரம் வேறு ஜாதி விலங்கு. அந்த வேலையை விட்டபின் ஒரு வேட்பாளருக்காக மூன்று மாதம் வேலை செய்தேன், அதனால் கொஞ்சம் தெரியும். அங்கே வேகமும் இருக்கும், ஆளும் இருப்பார்கள், காரணம் தேதி நெருங்குகிறது. நாங்கள் மேடைப் பேச்சுக் காணொளியைவிட, ஒரு தெருவுக்கு அந்தத் தெருக்காரரே அனுப்பும் செய்தியை நம்பினோம். இது எங்கள் கண்டுபிடிப்பு இல்லை. 2010 அமெரிக்கத் தேர்தல் நாளன்று பேஸ்புக் 6.1 கோடிப் பேரிடம் ஒரு சோதனை நடத்தியது. வெறுமனே "வாக்களியுங்கள்" என்ற அறிவிப்பைப் பார்த்தவர்கள், எதையும் பார்க்காதவர்களைவிட அதிகமாக வாக்களிக்கவில்லை. வாக்களித்துவிட்ட நண்பர்களின் முகம் சேர்ந்து தெரிந்தவர்கள்தான் கூடுதலாகப் போனார்கள். ஆளுக்கு ஆள் வித்தியாசம் மிகச் சிறியது, ஆனால் மொத்தத்தில் சுமார் 3,40,000 வாக்குகள் கூடியதாக 2012இல் ஆய்வுக் கட்டுரை வந்தது. அந்த நண்பர் வலையைத்தான் கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா என்ற பிரிட்டிஷ் தேர்தல் ஆலோசனை நிறுவனத்தின் விவகாரத்தில் தவறாகப் பயன்படுத்தினார்கள். ஒரு வினாடி வினா செயலியைச் சில லட்சம் பேர் நிறுவ, அவர்களுடைய நண்பர்கள் வழியாக 8.7 கோடிப் பேர் வரை விவரம் அந்த நிறுவனத்திடம் போயிருக்கலாம் என்று பேஸ்புக்கே 2018இல் சொன்னது. எங்கள் பிரச்சார அறையிலும் ஓர் எக்செல் கோப்பு இருந்தது. பெயர், எண், தெரு, எதைப் பற்றிப் புலம்புவார் என்று ஒரு பத்தி. தேர்தல் முடிந்த மறுநாள் அந்தக் கோப்பு யாரிடம் போனது என்று கேட்டேன், பதில் இல்லை. அந்தப் பட்டியலில் இருந்தவர்களில் ஒருவருடைய புலம்பலாவது ஜெயித்த பிறகு பார்க்கப்பட்டதா என்பதும் தெரியாது.

கேள்விக்குச் சம்பந்தம் இல்லாவிட்டாலும் இதையும் சொல்லிவிடுகிறேன், மனதில் கிடக்கிறது. அந்த அலுவலகத்தில் நாங்கள் மூன்று பேருமே ஒப்பந்த ஊழியர்கள். சம்பளம் ஏஜென்சி வழியாக, இரண்டு மாதம் தள்ளித்தான் வரும். மழைக்கால இரவுகளில் விடிய விடிய உட்கார்ந்து யார் மொட்டைமாடியில் சிக்கியிருக்கிறார்கள் என்று பட்டியல் போட்டோம், அதற்கு மிகைநேரப் படி ஒரு பைசா கிடையாது. வேலையை விட்டபோது கடைசி மாதச் சம்பளத்தை நிறுத்திவைத்தார்கள், இன்றுவரை வரவில்லை. "சும்மா போன் நோண்டற வேலைதானே" என்று சொந்தக்காரர்கள் சொல்லும்போது இன்னும் வலிக்கிறது. முகமில்லாத அந்தப் பதிலின் பின்னால் இருப்பவரைத் திட்டும் முன், அவருக்கும் அந்தப் பொறியாளரின் எண் தரப்படவில்லை என்பதை மட்டும் நினைத்துக்கொள்ளுங்கள்.

கேட்டவருக்கு: அடுத்த முறை டேக் செய்யும்போது அருகிலுள்ள மின்கம்பத்தின் எண்ணைப் படத்தில் தெரியும்படி எடுங்கள். டிக்கெட் எண் வந்ததும் அது எந்தப் பிரிவில் நிற்கிறது என்று கேளுங்கள், 'முடிந்தது' என்றால் யார் முடித்தார் என்று கேளுங்கள். கூடவே எழுத்தில் ஒரு மனு கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். உங்கள் நாலு டிக்கெட்டும் என்ன வகையில் பதிவாகியிருக்கின்றன என்று கமெண்டில் போட்டால், எங்கே முட்டிக்கொண்டு நிற்கிறது என்று ஓரளவு சொல்லப் பார்க்கிறேன்.