சிலிண்டருக்குள்ள ஆயில் எவ்ளோ கனம்?

கேள்வி: சார், அல்சூர்லேருந்து டெய்லி எலக்ட்ரானிக் சிட்டிக்கு நூறு சிசி பைக்ல போய்ட்டு வரேன். போன மாசம் வண்டி நீலப் புகை விட்டுச்சு, கலாசிபாளையம் பக்கம் ஒரு கடைல இன்ஜினை இறக்குனோம். போர் கேஜ் (சிலிண்டரோட உள் அகலத்தை அளக்கிற கருவி) வச்சு பாத்துட்டு "மேல தேஞ்சிருக்கு, நடுவுல பெருசா ஒண்ணுமில்ல"ன்னாரு. ஒரே பிஸ்டன், ஒரே ஆயில், மேல மட்டும் ஏன் தேயணும்? ஓடுற இன்ஜினுக்குள்ள ஆயில் எவ்ளோ கனமா நிக்குதுன்னு யாராச்சும் அளந்திருக்காங்களா?
- வாசகர், அல்சூர், பெங்களூரு

பதில்: அளந்திருக்காங்க, ஆனா லேசுப்பட்ட வேலை இல்ல. உங்க மெக்கானிக் சொன்னது சரிதான். இறக்குன சிலிண்டர் இன்னும் கைல இருந்தா விரல் நகத்தை உள்ள வச்சு மேல தள்ளிப் பாருங்க, டாப் ரிங் (பிஸ்டனைச் சுத்தி மாட்டிருக்கிற வளையங்கள்ல மேல இருக்கிறது) திரும்புற எடத்துல சின்னதா ஒரு படி தட்டும்.

காரணம் என்னன்னா, நிமிஷத்துக்கு 5000 சுத்துன்னா பிஸ்டன் மேல மட்டும் 5000 தடவ நின்னு திரும்புது, அந்த நிக்கிற நொடிதான் வில்லங்கம். ரிங்கோட முகம் பீப்பா மாதிரி லேசா உப்பி இருக்கும், அது ஓடும்போது அந்த ஆப்பு மாதிரியான இடுக்குல ஆயில் இழுபட்டு உள்ள போயி ப்ரெஷர் ஏறி ரிங்கை செவுத்துலேருந்து தள்ளி நிறுத்திடும், மழைல வேகமா போனா தண்ணி டயரைத் தூக்கிடுதே அதே சங்கதிதான் (எப்பவும் டிராஃபிக்ல நிக்கிற சில்க் போர்டு ஜங்ஷன்ல யாரு வேகமா போறான்னு கேக்காதீங்க, நடுராத்திரின்னு வச்சுக்கோங்க). இதுக்கு ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ்ங்கிற இங்கிலாந்து விஞ்ஞானி 1886லயே சமன்பாடு போட்டுட்டாரு. ஓட்டம் நின்னா தூக்கலும் இல்ல. போதாததுக்கு அதே எடத்துலதான் பெட்ரோல் வெடிக்குது, சூடு, ரிங்கை செவுத்தோட அமுக்குற ப்ரெஷர் எல்லாம் சேந்து வந்துடுது. நடு ஓட்டத்துல சில மைக்ரான் (ஒரு மைக்ரான்னா மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்கு) இருக்கிற ஆயில் படலம் அங்க ஒரு மைக்ரானுக்கும் கீழ போயிடும். நம்ம தலைமுடி ஒண்ணே 50லேருந்து 80 மைக்ரான், பாத்துக்கோங்க. ஹோனிங் போட்ட (கல்லால தேச்சு மெல்லிசா கோடு இழுத்த) சிலிண்டர் செவுத்தோட மேடு பள்ளமே கிட்டத்தட்ட அந்த அளவுதான், அதனால மேடும் மேடும் உரசிடுது.

சரி, எப்படி அளக்கிறாங்க? போர் கேஜ் நின்ன இன்ஜின்ல இரும்பைத்தான் அளக்கும், ஆயிலை அளக்காது. ஒரு வழி, லைனர்ல (அதான் பிஸ்டன் ஓடுற சிலிண்டர் செவுரு) சின்னதா ஓட்டை போட்டு குவார்ட்ஸ் கண்ணாடி வச்சு, ஆயில்ல சாயம் கலந்து லேசர் அடிக்கிறது. கார் ஏசில லீக் கண்டுபிடிக்க சாயம் ஏத்தி நீல லைட் அடிப்பாங்கள்ல, அதேதான், எவ்ளோ மின்னுதோ அவ்ளோ ஆயில். அமெரிக்காவுல எம்ஐடி யுனிவர்சிட்டில இதுல நிறைய வேலை பண்ணிருக்காங்க. தொல்லை என்னன்னா சூடு ஏறுனா சாயம் மின்னுறது மங்கிடும், அதைக் கணக்குல கழிக்கணும். இன்னொண்ணு, லைனர்ல ஒரு சென்சார், எதிர்ல வர்ற ரிங், ரெண்டையும் கெப்பாசிட்டரோட (மின்சாரத்தைச் சேத்து வைக்கிற பாகம்) ரெண்டு தகடா வச்சு, நடுவுல இருக்கிற இடுக்கை அளக்கிறது. ஆனா இடுக்கு முழுக்க ஆயிலா பாதி கேஸான்னு அதுக்கு சரியா பிரிச்சு சொல்லத் தெரியாது.

எனக்குப் பிடிச்சது இங்கிலாந்துல ஷெஃபீல்ட் யுனிவர்சிட்டில பண்றது, ஓட்டையே கிடையாது. பலாப்பழத்தை வெளிலேருந்து தட்டிப் பாத்து உள்ள பழுத்திருக்கான்னு சொல்றோம்ல, அந்த மாதிரி லைனருக்கு வெளிய சென்சாரை ஒட்டி, வினாடிக்கு சுமார் ஒரு கோடி அதிர்வு இருக்கிற சத்தத்தை உள்ள அனுப்புறாங்க, அது நம்ம காதுக்குக் கேக்காது. உள் செவுத்துல வெறும் கேஸ்தான்னா சத்தம் ஏறக்குறைய முழுசா எதிரொலிச்சுத் திரும்பிடும், ரிங்கு கடந்து போற நேரம் ஆயில் வழியா கொஞ்சம் அந்தப் பக்கம் தாண்டிடும். படலம் மெல்லிசா ஆக ஆக தாண்டுறது ஜாஸ்தி, எதிரொலி எவ்ளோ குறைஞ்சுதுங்கிறதை வச்சு கனத்தைக் கணக்குப் போட்டுடுறாங்க. ரிங் ஒரு மில்லி அகலம், வேகம் வினாடிக்கு எட்டு மீட்டர்னு வச்சா கடந்து போறது வினாடில எட்டாயிரத்துல ஒரு பங்கு, அதுக்குள்ள தட்டிக் கேட்டு முடிக்கணும்!

கேள்வி: அப்போ திக்கான 20டபிள்யூ50 கிரேடு ஆயில் ஊத்துனா படலம் தடிச்சு தேய்மானம் நிக்குமா? மெக்கானிக் அப்படித்தான் சொல்றாரு.
- அதே வாசகர்

பதில்: தடிக்கும், ஆனா நெனைக்கிற அளவுக்கு இல்ல. பிசுபிசுப்பு ரெண்டு மடங்கானா படலம் சுமார் 1.4 மடங்குதான் ஆகும், அதுவும் ரிங் ஓடுற எடத்துல, அங்க ஏற்கெனவே பிரச்சனை இல்ல. மேல நிக்கிற எடத்துல காப்பாத்துறது ஆயில்ல கலந்திருக்கிற துத்தநாக சேர்மானம், அது உரசுற எடத்துல தானே ஒரு பூச்சு கட்டும், அதுக்கு ஆயில் திக்கா இருக்கணும்னு இல்ல. திக்கான ஆயில் நடு ஓட்டத்துல இழுவையைக் கூட்டி மைலேஜைத்தான் தின்னும், காலைல ஸ்டார்ட் பண்ணினதும் மேல போய்ச் சேரவும் லேட்டாகும். மேனுவல்ல அதைவிட மெல்லிசான 10டபிள்யூ30ன்னு இருந்தா அதையே ஊத்துங்க. படி தட்டுற போருக்கு எந்த ஆயிலும் மருந்து இல்ல, போரிங் போட்டு (சிலிண்டரைக் கொஞ்சம் அகலமா கடைஞ்சு) அதுக்கேத்த ஓவர்சைஸ் பிஸ்டன் போடணும், முடிச்சதும் ஹோனிங் கோடு குறுக்கும் நெடுக்குமா தெரியுதான்னு நீங்களே டார்ச் அடிச்சுப் பாத்துட்டு வாங்க, ஆயில் தங்குறது அந்தக் கோட்டுலதான்.