வாக்கத்தான் நன்கொடைக்கு 80ஜி ரசீது வரவில்லை என்றால்

வாக்கத்தானுக்காக (நிதி திரட்டும் நடைப்பயணம்) பலரிடம் வாங்கிய நன்கொடையைப் புற்றுநோய் அறக்கட்டளைக்கு அனுப்பிவிட்டீர்கள்; கொடுத்தவர்களுக்கு 80ஜி ரசீது (வருமான வரிச் சலுகை பெற உதவும் நன்கொடை ரசீது) தர முடியாது என்கிறார்கள். அனுப்பிவிட்ட பணத்துக்கு ஆளாளுக்குத் தனி ரசீது கிடைக்காது. நன்கொடையை உங்கள் சொந்த ஜிபேயில் வாங்கி மொத்தமாக அனுப்பியிருக்கிறீர்கள். புற்றுநோய் அறக்கட்டளையின் கணக்கில் நன்கொடையாளர் நீங்கள் ஒருவர்தான். அவர்கள் வருமான வரித்துறைக்குத் தரும் பட்டியலில் கொடுத்தவர் பெயர், முகவரி, பான் எண், தொகை, பணம் வந்த வழி எல்லாம் ஏற வேண்டும். அதனால்தான் கையை விரிக்கிறார்கள்.

இன்னும் அனுப்பாத தொகை இருக்கிறதா? கொடுத்தவருக்கே திருப்பிப் போட்டுவிட்டு, அறக்கட்டளையின் கியூஆரில் நேரடியாகச் செலுத்தச் சொல்லுங்கள். மார்ச் 31 தாண்டினால் அடுத்த ஆண்டுக் கணக்கு.

அந்த கியூஆரை நீங்களே முதலில் ஸ்கேன் செய்து 1 ரூபாய் போட்டுப் பாருங்கள். திரையில் அறக்கட்டளையின் பெயர் வர வேண்டும். ஊழியர் யாராவது ஒருவரின் பெயர் வந்தால் அங்கேயே நிறுத்துங்கள், மறுபடி இதே சிக்கல்தான். கொடுப்பவர் பணம் போட்ட கையோடு அவருடைய பெயர், முகவரி, பான், யூடிஆர் எண் (அந்தப் பணப் பரிமாற்றத்தின் அடையாள எண்) நான்கையும் கூகுள் ஃபார்மில் வாங்கிவிடுங்கள். பிறகு பான் கேட்டு அலைவது பெரும்பாடு.

இன்னும் சில: 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகத் தந்தால் வரிவிலக்கு இல்லை. புதிய வரிமுறையில் இருப்பவர்களுக்கும் 80ஜி பயன்படாது. டி-ஷர்ட்டோடு சேர்ந்த நுழைவுக் கட்டணத்தை நன்கொடை என்று காட்டாதீர்கள்.