ஸ்டீவியா பொட்டலத்தில் 95 கிராம் கார்ப் எங்கிருந்து வந்தது?

கேள்வி: பேலியோ என்ற குறைந்த மாவு உணவுமுறைக்கு மாறி ஐந்து வாரம் ஆகிறது. ஒரு நாளைக்கு 40 கிராம் மாவுச்சத்தைத் தாண்டுவதில்லை. காபியை மட்டும் விட முடியவில்லை என்று 'ஜீரோ கலோரி ஸ்டீவியா' பொட்டலம் நூறு வாங்கிவிட்டேன். வீட்டுக்கு வந்து பின்பக்கம் பார்த்தால் 100 கிராமுக்கு 95 கிராம் கார்போஹைட்ரேட்! எரித்ரிட்டால் என்ற இன்னொரு மாற்று இனிப்பை வாங்கு என்கிறாள் தோழி. அந்த டப்பாவிலோ 99 என்று இருக்கிறது. எதைத்தான் வாங்குவது?

பதில்: பாதி ஏமாந்திருக்கிறீர்கள். சீனித்துளசி இலையிலிருந்து எடுக்கும் ஸ்டீவியா சர்க்கரையைவிட 200 முதல் 300 மடங்கு தித்திக்கும். ஒரு டம்ளர் காபிக்கு வேண்டிய அளவை மட்டும் பொட்டலம் கட்டினால் உள்ளே ஏதாவது இருக்கிறதா என்றே சந்தேகம் வரும். அதனால் நிரப்புவதற்கு வேறு பொடி போடுகிறார்கள். பல பிராண்டுகளில் அது மால்டோடெக்ஸ்ட்ரின் அல்லது டெக்ஸ்ட்ரோஸ். முதலாவது மக்காச்சோளம், மரவள்ளி மாதிரியான மாவிலிருந்து வருவது, இரண்டாவது குளுக்கோஸேதான். ரெண்டுமே ரத்தத்தில் சர்க்கரையை விறுவிறுவென்று ஏற்றும். ஆனால் பொட்டலம் 1 கிராம்தானே, 4 கலோரிக்குள் அடங்கிவிடுகிறது, முன்பக்கத்தில் தைரியமாக 'ஜீரோ' போட்டுவிடுகிறார்கள்.

தோழி சொன்னது சரி. எரித்ரிட்டாலும் கணக்குப்படி கார்ப்தான், ஆனால் உடம்பு அதை எரிக்காமல் பெரும்பாலும் சிறுநீரில் அனுப்பிவிடும். அதனால் இந்த மாதிரிப் பொடிகளில் கார்ப் வரியை விட்டுவிட்டு அதற்கு மேலே 'எனர்ஜி' என்று இருக்கும் வரியைப் பாருங்கள். 100 கிராமுக்கு 380 கலோரி பக்கம் இருந்தால் மால்டோடெக்ஸ்ட்ரின் வகையறா, 20-க்குள் இருந்தால் எரித்ரிட்டால். இனிப்பு சர்க்கரையில் முக்கால் பங்குக்கும் குறைவுதான், நாக்கில் ஜில்லென்று இருக்கும். நான் ஒருமுறை பாதாம் அல்வாவில் போட்டேன், சூடாக இருக்கும்வரை பிரமாதம், மறுநாள் ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்தால் உறைந்து மணல் மாதிரி நறநற. காபிக்கு மட்டும் என்றால் ஸ்டீவியா சொட்டு வாங்குங்கள், அதில் இந்த நிரப்புப் பொடி தொல்லை இல்லை. இரண்டு சொட்டுக்கு மேல் போனால் அதிமதுரம் மாதிரி ஒரு கசப்பு அடித்தொண்டையில் நிற்கும்.

இன்னொன்று, நீங்கள் கேட்காதது. மூன்று காபிக்கு இரண்டிரண்டு பொட்டலம் போட்டாலும் 6 கிராம் கார்ப்கூட வராது. பாலில் 100 மில்லிக்கு ஏறக்குறைய 5 கிராம் லாக்டோஸ், அதாவது பால் சர்க்கரை இருக்கிறது, டம்ளருக்கு அவ்வளவு பால் ஊற்றினால் மூன்று டம்ளருக்கு 15 ஆச்சு!

கேள்வி: ஸ்வீட் கடையில் 'சுகர் ஃப்ரீ' மைசூர்பாகு விற்கிறார்களே, வாங்கலாமா?

பதில்: ஒரு தீபாவளிக்கு நானும் கால் கிலோ வாங்கி ஒரே மாலையில் தீர்த்தேன். அன்று ராத்திரி பட்ட பாட்டை எழுத வேண்டாம். இந்த வகை இனிப்புகளிலும் சாக்லேட்டிலும் அடிக்கடி இருப்பது மால்டிடால் என்ற மாற்று இனிப்பு, சேர்மானப் பட்டியலில் 965 என்ற எண்ணாகவும் வரும். சர்க்கரையில் ஏறத்தாழ பாதி கலோரி அதற்கு உண்டு, ரத்தச் சர்க்கரையையும் ஓரளவு ஏற்றும், அளவு மீறினால் வயிற்றைக் கலக்கிவிடும். போதாததற்கு மைசூர்பாகில் கடலை மாவு, அதைக் கணக்கில் சேர்க்க யாருக்கும் ஞாபகம் வருவதில்லை. எந்த மாற்று இனிப்பில் செய்தது என்று கேளுங்கள், கடைக்காரர் முழித்தால் திரும்பி வந்துவிடுங்கள்.

கேள்வி: இதெல்லாம் கெமிக்கல்தானே, கருப்பட்டி, தேன் நல்லதில்லையா?

பதில்: கருப்பட்டி, நாட்டுச் சர்க்கரை எல்லாம் சர்க்கரைதான், தேனிலும் 80 சதவீதம் அதுதான். குறைந்த மாவு உணவில் இடமே இல்லை. மாற்று இனிப்புகள் பற்றிய பயம் முழுக்க வீண் என்றும் சொல்ல மாட்டேன். எடை குறைப்பதற்காக இவற்றை நம்ப வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனமே 2023 மே மாதம் சொன்னது. ஸ்டீவியா, சுக்ரலோஸ், அஸ்பார்டேம் எல்லாம் அதில் அடக்கம், எரித்ரிட்டால் இல்லை. அதே வருடம் ரத்தத்தில் எரித்ரிட்டால் அதிகம் இருந்தவர்களுக்கு மாரடைப்பும் பக்கவாதமும் அதிகம் வந்ததாக ஒரு ஆய்வு வந்தது. உடம்பே கொஞ்சம் எரித்ரிட்டால் தயாரிக்கும் என்பதால் காரணம் அதுதானா என்பது முடிவாகவில்லை. இதய நோய் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் கிலோக் கணக்கில் வாங்கி வைக்காதீர்கள். நான் காபிக்கு நான்கு சொட்டிலிருந்து ஒரு சொட்டுக்கு வந்துவிட்டேன், மூன்று வாரம் பிடித்தது.